நுங்கம்பாக்கத்தில் இரண்டே வாரம்: இந்தியாவில் பெண்கள் டென்னிஸ் விட்டுவிட்டு நடந்த கதை

"சென்னை ஓபன்" என்றால் நம்மில் பலருக்கு ஜனவரி மாதம், நுங்கம்பாக்கம், ஆண்கள் டென்னிஸ் இதுதான் ஞாபகம் வரும். அதே மைதானத்தில் பெண்களுக்கான உலகத்தர ஒற்றையர் போட்டியும் நடந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் ஒரு வாரம், 2025 அக்டோபர் கடைசியில் ஒரு வாரம். ஆண்களுக்கு 21 வருஷம், பெண்களுக்கு இரண்டு வாரம்!

தொழில் காரணமாக நாள் முழுக்க லாக் ஃபைல் படிக்கிற ஆள் நான். டென்னிஸ் முடிவுகளும் எனக்கு அப்படித்தான் தெரியும். யார் யாரை எத்தனை செட்டில் ஜெயித்தார் என்று வரிசையாக இருக்கும், ஏன் என்று எதுவும் எழுதியிருக்காது. பல வருஷத்து முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு கதை தெரியும். இந்தியாவில் நடந்த பெண்கள் போட்டிகளை அப்படி வரிசையாக வைத்துப் பார்த்தபோது கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

2022: அந்த ஒரு வாரம்

முதலில் சென்னையிலிருந்தே ஆரம்பிப்போம். 2022 செப்டம்பர் 12 முதல் 18 வரை, நுங்கம்பாக்கம் எஸ்டிஏடி மைதானத்தில் டபிள்யூடிஏ 250 வகைப் போட்டி நடந்தது. டபிள்யூடிஏ என்பது பெண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கம். கிராண்ட்ஸ்லாம்களுக்குக் கீழே அதன் போட்டிகள் 1000, 500, 250, 125 என்று படிப்படியாக இருக்கும். அதில் மூன்றாவது படி இது. மொத்தப் பரிசுத்தொகை 2,51,750 டாலர். ஒற்றையரில் 32 பேர்.

அந்த வருஷம் ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அது முடிந்து ஒரு மாசத்தில் டென்னிஸ். நடத்தியது தமிழ்நாடு டென்னிஸ் சங்கம், அதன் தலைவர் விஜய் அமிர்தராஜ். முதல் தரநிலையில் வந்தவர் அமெரிக்காவின் அலிசன் ரிஸ்க் அமிர்தராஜ். பெயரைப் பார்த்தாலே புரியும், விஜய்யின் அண்ணன் ஆனந்த் அமிர்தராஜின் மருமகள். ஒரு வகையில் நம்ம ஊர் மருமகள்!

2014 விம்பிள்டன் இறுதிப்போட்டி வரை போன கனடாவின் யூஜெனி பூஷார், தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்துகொண்டிருந்தார். அவரைப் பார்க்கவும் கூட்டம் வந்தது. அந்த வருஷ விம்பிள்டன் அரையிறுதி வரை போன ஜெர்மனியின் தட்யானா மரியாவும் வந்திருந்தார்.

இந்தியர்களில் அங்கிதா ரெய்னா முதல் சுற்றிலேயே அதே தட்யானா மரியாவிடம் நேர் செட்களில் தோற்றார். கர்மன் கவுர் தாண்டி வேறு மாதிரி. தரவரிசையில் முதல் 300-க்கு வெளியே இருந்தவர், எட்டாம் தரநிலை பெற்ற பிரான்ஸின் குளோயி பாக்கேயை 4-6, 6-4, 6-3 என்று சாய்த்தார். முதல் செட்டை விட்டுவிட்டு அடுத்த இரண்டையும் எடுத்த ஆட்டம். அடுத்த சுற்றில் பூஷாரிடம் தோற்றார்.

அரையிறுதியில் பிரிட்டனின் கேட்டி ஸ்வான் காயத்தால் பாதியிலேயே விலக, போலந்தின் மக்டா லினெட் இறுதிக்கு வந்தார். இன்னொரு பக்கம் அர்ஜென்டினாவின் நாடியா போடொரோஸ்காவை ஜெயித்து வந்தவர் செக் நாட்டின் லிண்டா ஃப்ருவிர்தோவா. வயசு 17. டபிள்யூடிஏ அளவில் அவருக்கு அதுதான் முதல் இறுதிப்போட்டி. முதல் செட் போச்சு. மூன்றாவது செட்டில் 1-4 என்று பின்தங்கியிருந்தார். அங்கிருந்து தொடர்ந்து ஐந்து கேம் எடுத்து 4-6, 6-3, 6-4 என்று பட்டம் வென்றார். இரட்டையர் பட்டம் கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கி, பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானி ஜோடிக்கு.

நாலு மாசம் கழித்து, 2023 ஆஸ்திரேலிய ஓபனில் இந்த இரண்டு பேருமே கலக்கினார்கள். ஃப்ருவிர்தோவா நான்காம் சுற்று வரை போனார். லினெட் தரநிலை எதுவும் இல்லாமல் உள்ளே போய் அரையிறுதி வரை வந்தார். அவரை அங்கே ஜெயித்தவர் அரினா சபலென்கா, அந்த வருஷ சாம்பியன். அந்த சபலென்காவும் 2017-ல், 19 வயசில், மும்பையில் நடந்த 125 வகைப் போட்டியில் பட்டம் வென்றவர்தான். ஆக இங்கே வந்து ஆடுகிறவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. மேலே ஏறிக்கொண்டிருப்பவர்கள் ஒரு படியாக நம்ம மைதானத்தை மிதித்துவிட்டுப் போகிறார்கள்.

சரி, நம்ம பிள்ளைகளுக்கு அந்தப் படி என்ன செய்தது? இதுதான் என் கேள்வி.

பட்டியல்

இந்தியாவில் நடந்த டபிள்யூடிஏ டூர் அளவிலான ஒற்றையர் இறுதிப்போட்டிகள் மொத்தமும் இவ்வளவுதான். 125 வகைப் போட்டிகளை இதில் சேர்க்கவில்லை.

2003 ஹைதராபாத்: தமரின் தனசுகர்ன் (தாய்லாந்து), இரோடா துல்யகனோவாவை 6-4, 6-4
2004 ஹைதராபாத்: நிக்கோல் பிராட் (ஆஸ்திரேலியா), மரியா கிரிலென்கோவை 7-6, 6-1
2005 ஹைதராபாத்: சானியா மிர்சா (இந்தியா), அலோனா பொண்டரென்கோவை 6-4, 5-7, 6-3
2005 கொல்கத்தா: அனஸ்தாசியா மிஸ்கினா (ரஷ்யா), கரோலினா ஸ்ப்ரெமை 6-2, 6-2
2006 பெங்களூரு: மாரா சாந்தாஞ்செலோ (இத்தாலி), யெலெனா கோஸ்டானிச்சை 3-6, 7-6, 6-3
2006 கொல்கத்தா: மார்ட்டினா ஹிங்கிஸ் (சுவிட்சர்லாந்து), ஓல்கா புச்கோவாவை 6-0, 6-4
2007 பெங்களூரு: யாரோஸ்லாவா ஷ்வெடோவா (அப்போது ரஷ்யா), சாந்தாஞ்செலோவை 6-4, 6-4
2007 கொல்கத்தா: மரியா கிரிலென்கோ (ரஷ்யா), மரியா கோரிட்சேவாவை 6-0, 6-2
2008 பெங்களூரு: செரீனா வில்லியம்ஸ் (அமெரிக்கா), பாட்டி ஷ்னைடரை 7-5, 6-3
2022 சென்னை: லிண்டா ஃப்ருவிர்தோவா (செக்), மக்டா லினெட்டை 4-6, 6-3, 6-4
2025 சென்னை: ஜேனிஸ் ஜென் (இந்தோனேசியா), கிம்பர்லி பிரெலை 6-4, 6-3

பதினோரு போட்டி. அதில் இந்தியப் பெண் ஜெயித்தது ஒன்றே ஒன்று. 2008-க்கும் 2022-க்கும் நடுவில் 14 வருஷம் எதுவுமே இல்லை. ஒரு குழந்தை பிறந்து, ராக்கெட் பிடித்து, ஜூனியர் போட்டிகள் ஆடும் வயசுக்கு வரும் அளவுக்கான இடைவெளி அது.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு "பதினொன்றில் ஒன்றுதானே, வெளிநாட்டுக்காரங்க ஜெயிச்சிட்டுப் போறதுக்கு நாம ஏன் செலவு பண்ணணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த ஒன்று எப்படி வந்தது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கணும்.

ஹைதராபாத்தின் மூன்று வருஷம்

2003 பிப்ரவரி. ஹைதராபாத்தில் முதல் முறை போட்டி. உள்ளூர்ப் பெண், வயசு 16, பெயர் சானியா மிர்சா. தரவரிசைப்படி பார்த்தால் உள்ளேயே வர முடியாது. போட்டி நடத்துபவர்கள் தங்கள் விருப்பப்படி சில பேரை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குப் பெயர் வைல்டு கார்டு. அப்படித்தான் வந்தார். டபிள்யூடிஏ டூரில் அவருடைய முதல் ஆட்டம். ஆஸ்திரேலியாவின் எவி டொமினிகோவிச்சிடம் முதல் சுற்றிலேயே தோல்வி.

2004. அதே ஊர், மறுபடியும் வைல்டு கார்டு. முதல் சுற்றில் எதிரே நிக்கோல் பிராட். மறுபடியும் தோல்வி. அந்தப் பிராட்தான் கடைசியில் சாம்பியன் ஆனார். ஆனால் அதே வாரம் தென்னாப்பிரிக்காவின் லீசல் ஹூபருடன் சேர்ந்து சானியா இரட்டையர் பட்டம் வென்றார். டூரில் அவருடைய முதல் பட்டம்.

2005. ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனில் மூன்றாம் சுற்று வரை போய், செரீனா வில்லியம்ஸிடம் தோற்றுத் திரும்பியிருந்தார். பிப்ரவரியில் ஹைதராபாத். இந்த முறை கடைசி வரை ஜெயித்தார். டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண். இன்று வரைக்கும் வேறு யாரும் இல்லை. தரவரிசையில் முதல் 100-க்குள் நுழைந்தார். சில வாரத்தில் துபாயில், 2004 அமெரிக்க ஓபன் சாம்பியன் ஸ்வெட்லானா குஸ்னெட்சோவாவை ஜெயித்தார். செப்டம்பரில் அமெரிக்க ஓபன் நான்காம் சுற்று. வருஷக் கடைசியில் தரவரிசை 31.

இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். 2003-இல் போட்டி நடந்து, "நம்ம பொண்ணு முதல் சுற்றிலேயே அவுட், இது எதுக்கு?" என்று நிறுத்தியிருந்தால்? 2004-இலும் ஒற்றையரில் முதல் சுற்றுத் தோல்விதான். முடிவுப் பட்டியலை மட்டும் பார்த்தால் இரண்டு வருஷமும் பூஜ்யம். மூன்றாவது வருஷமும் அதே ஊரில், அதே மாசம், போட்டி இருந்ததால்தான் அந்த வரி பட்டியலில் இருக்கிறது.

சானியாவின் திறமை ஹைதராபாத் போட்டியால் வந்தது என்று சொல்ல வரவில்லை. பயிற்சியும் வீட்டுக்காரர்களின் உழைப்பும் அதற்கு முன்பே இருந்தவை. ஜூனியராக 2003 விம்பிள்டனில் இரட்டையர் பட்டமே வென்றவர். ஆஸ்திரேலிய ஓபனிலும் ஹைதராபாத்துக்கு முன்பே ஜொலித்துவிட்டார். போட்டி செய்தது வேறு வேலை. பெரிய ஆட்டக்காரர் அடிக்கும் பந்து எப்படி வரும், மூன்றாவது செட்டில் மூச்சு எப்படி இருக்கும் என்பதை வருஷா வருஷம் வீட்டு வாசலிலேயே காட்டியது. தோற்க இடம் கொடுத்தது.

அடுத்த வருஷம் கொல்கத்தாவிலும் இது நடந்தது. 2006 அரையிறுதியில் ஹிங்கிஸ் சானியாவை 6-1, 6-0 என்று துவைத்து எடுத்தார். அடுத்த வாரமே சியோலில் இரண்டு பேரும் மோதினார்கள். முதல் செட்டை விட்டபிறகு சானியா ஜெயித்தார். ஒரு வாரத்துக்கு முன்னால் வாங்கிய அடி பாடமாகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த வரிசையின் முடிவு அவ்வளவு நல்லதாக இல்லை. 2008 பெங்களூரு போட்டி இவற்றிலேயே பெரியது. செரீனா, வீனஸ் இரண்டு பேரும் அரையிறுதியில் மோதினார்கள். ஆனால் சானியா ஆடவில்லை. தன்னைச் சுற்றி ஓயாமல் கிளம்பிய சர்ச்சைகளால் இந்தியாவில் ஆடப்போவதில்லை என்று அவரே அறிவித்துவிட்டார். அதற்கப்புறம் போட்டியும் இல்லை.

இந்தோனேசியாவைப் பாருங்கள்

இப்போது 2025 சென்னைக்கு வருவோம். சாம்பியன் ஜேனிஸ் ஜென், ஜகார்த்தாக்காரர், அமெரிக்காவில் பெப்பர்டைன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். அந்த வருஷம் அமெரிக்க ஓபனில் தகுதிச்சுற்று ஆடி உள்ளே வந்து, முதல் சுற்றில் தரநிலை பெற்ற வெரோனிகா குடெர்மெடோவாவை ஜெயித்தவர். நவம்பர் 2-ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெலை நேர் செட்களில் ஜெயித்தார். இந்தோனேசியாவுக்கு 2002-க்குப் பிறகு கிடைத்த முதல் டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம். 23 வருஷக் காத்திருப்பு முடிந்தது நம்ம ஊர் மைதானத்தில்!

2002-இல் அந்தப் பட்டத்தை வென்றவர் ஏஞ்சலிக் விட்ஜாஜா, தாய்லாந்தின் பட்டாயாவில். அவருடைய முதல் பட்டம் அதற்கு முந்தைய வருஷம், பாலியில், வயசு 16. சொந்த நாட்டில், வைல்டு கார்டில், டூரில் ஆடிய முதல் போட்டியிலேயே பட்டம். ஹைதராபாத் கதை மாதிரியே இல்லையா? பாலியில் போட்டி இல்லாமல் இருந்திருந்தால் அந்த 16 வயசுப் பெண் எங்கே போய் ஆடியிருப்பார்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வைல்டு கார்டு என்றால் ஏதோ சிபாரிசு மாதிரி சிலர் பேசுவார்கள். அதனால் கொஞ்சம் கணக்கு.

2022 விதிப்படி 250 வகைப் போட்டியில் சாம்பியனுக்கு 280 புள்ளி. முதல் சுற்றை ஜெயித்து இரண்டாம் சுற்றில் தோற்றால் 30 புள்ளி. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு நடத்தும் அடிமட்டப் போட்டி 15,000 டாலர் வகை. அதில் ஐந்து ஆட்டம் ஜெயித்து சாம்பியன் ஆனால் கிடைப்பது 10 புள்ளி. அப்படியானால் கர்மன் சென்னையில் பாக்கேயை ஜெயித்த அந்த ஒரே ஆட்டம், அடிமட்டத்தில் மூன்று பட்டத்துக்குச் சமம். பதினைந்து ஆட்டம், மூன்று ஊர், மூன்று முறை பயணம், மூன்று வார விடுதி வாடகை. எல்லாம் ஒரு மதியத்தில்.

இந்தப் புள்ளி வந்தால் தரவரிசை ஏறும். ஏறினால் அடுத்த பெரிய போட்டிகளின் தகுதிச்சுற்றில் பெயர் வரும். தரவரிசை இல்லாமல் பெரிய போட்டிக்குப் போக முடியாது, பெரிய போட்டி ஆடாமல் தரவரிசை வராது. எங்கள் தொழிலில் அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம் என்று பி.இ. முடித்த பிள்ளைகள் அலைவார்களே, அதே முடிச்சுதான். அந்த முடிச்சை அவிழ்க்கும் கத்திரி உள்ளூர் வைல்டு கார்டு. ஐரோப்பாவில் பிறந்த பெண்ணுக்கு ரயிலேறிப் போகும் தூரத்தில் நிறைய போட்டி. அவர்களுக்கு இந்தக் கத்திரி பல இடத்தில் கிடைக்கும். நம்ம பிள்ளைகளுக்கு நம்ம நாட்டில் மட்டும்தான்.

சென்னைக்கு அடுத்த மாசமே, 2022 அக்டோபரில், கர்மன் கனடாவின் சாகெனேயில் 60,000 டாலர் வகைப் போட்டியில் பட்டம் வென்றார். அதுவரைக்கும் அவருடைய பெரிய பட்டம் அதுதான்.

ஆண்களுக்கு இந்தக் கத்திரி 21 வருஷம் கையில் இருந்தது. 1995 டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக வந்ததுதான் நுங்கம்பாக்கம் மைதானம். 1997 முதல் 2017 வரை ஒவ்வொரு வருஷமும் அங்கே ஏடிபி போட்டி. ஸ்டான் வாவ்ரிங்கா மட்டும் நாலு முறை ஜெயித்தார். அங்கேயும் ஒற்றையரில் இந்தியர் யாரும் பட்டம் வெல்லவில்லைதான். ஆனால் 2009-இல் சோம்தேவ் தேவ்வர்மன் வைல்டு கார்டில் வந்து, கார்லோஸ் மோயாவையும் இவோ கார்லோவிச்சையும் ஜெயித்து இறுதி வரை போனார். பயஸ், பூபதி ஜோடி இரட்டையரில் திரும்பத் திரும்பப் பட்டம் வென்றது. அதன்பின் போட்டி புனே போனது, 2023-உடன் அதுவும் நின்றது.

நிருபமாவுக்குக் கிடைக்காதது

இங்கே ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. கோயம்புத்தூர்ப் பெண் நிருபமா வைத்தியநாதன். 1998 ஆஸ்திரேலிய ஓபனில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை முதல் சுற்றில் ஜெயித்தார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் முதன்மைச் சுற்றில் இன்றைய தொழில்முறை டென்னிஸ் காலத்தில் ஒரு ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர். ஒற்றையரில் அவர் எட்டிய உயரம் தரவரிசை 134.

சானியாவுக்கு முந்தைய இந்த வாசலைத் திறந்தவர் ஒரு தமிழ்ப் பெண் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. அவர் உச்சத்தில் ஆடியது 1997, 98. அதே 1997-இல்தான் சென்னையில் ஆண்கள் போட்டி ஆரம்பித்தது. பெண்களுக்கு இந்தியாவிலேயே ஒன்றும் இல்லை. முதல் போட்டி வர இன்னும் ஆறு வருஷம் ஆனது. சொந்த மாநிலத்தின் தலைநகரில் உலகத்தர மைதானம் இருந்தும், அவருக்கு ஒரு வைல்டு கார்டு கொடுக்க ஒரு போட்டி இல்லை. 134 என்ற எண் அப்போது 90 ஆகியிருக்குமா? எந்த முடிவுப் பட்டியலும் இதற்குப் பதில் சொல்லாது.

ஏன் நின்று நின்று போகிறது?

மூன்று காரணம் எனக்குத் தெரிகிறது.

ஒன்று, இடம். வருஷத்தின் வாரங்களை டபிள்யூடிஏ ஏற்கனவே பங்கு போட்டு வைத்திருக்கிறது. புதிதாக ஒருவர் நுழைய, யாராவது விலகணும். 2021 டிசம்பரில் பெங் ஷுவாய் விவகாரத்தால் டபிள்யூடிஏ சீனாவில் போட்டிகளை நிறுத்திவைத்தது. அதனால் 2022 செப்டம்பர், அக்டோபர் வாரங்கள் காலியாயின. அப்படிக் கிடைத்த இடங்களில் ஒன்றுதான் சென்னை. 2023 செப்டம்பரில் சீனப் போட்டிகள் திரும்பின. கல்யாண மண்டபம் மாதிரிதான், யாரோ ரத்து செய்த தேதி நமக்குக் கிடைத்தது. அடுத்த வருஷம் அந்தத் தேதி நமக்கு இல்லை.

இரண்டு, பணம். பரிசுத்தொகை மட்டும் இல்லை. மைதானத்தைச் சீர் செய்வது, வெளிநாட்டு நடுவர்கள், தங்குமிடம், ஒளிபரப்பு என்று ஏறிக்கொண்டே போகும். சென்னையில் மாநில அரசு கை கொடுத்ததால் நடந்தது. ஒரு தனியார் விளம்பரதாரரையோ ஒரு வருஷ பட்ஜெட்டையோ மட்டும் நம்பினால் அடுத்த வருஷம் அந்தரத்தில் நிற்கும்.

மூன்று, மழை. இது நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆண்கள் போட்டி ஜனவரி முதல் வாரத்தில் நடந்தது, பனி இறங்கும், வானம் சுத்தமாக இருக்கும். 2025 பெண்கள் போட்டி அக்டோபர் 27-ஆம் தேதி. ஐப்பசி அடைமழை! மோந்தா புயல் நேரம் வேறு. முதல் நாட்களின் ஆட்டங்கள் மழையால் தள்ளிப்போயின. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நாற்று விடும் மாசத்தில் கூரையில்லாத மைதானத்தில் டென்னிஸ் வைத்தால் வேறென்ன ஆகும்? ஆனால் நமக்குக் கிடைத்த வாரம் அதுதான்.

தொடர்ந்து ஒரு மைதானம்

குயிலாப்பாளையத்திலிருந்து நுங்கம்பாக்கம் ஈசிஆர் வழியாக சுமார் 150 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம், பக்கத்திலேயே பெண்கள் டென்னிஸுக்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. புதுச்சேரியில் கடலை ஒட்டி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் டென்னிஸ் மைதானம் 1940களின் இறுதியில் வந்தது. ஆசிரமத்தின் அன்னை 1878-இல் பிறந்தவர். எழுபது வயசைக் கடந்தபின்னும் அந்த மைதானத்தில் நாள் தவறாமல் டென்னிஸ் ஆடினார். போட்டி டென்னிஸ் வேறு, இது வேறு, ஒப்பிட முடியாது. ஆனால் ஒரு விஷயம் பொது. தினமும் திறந்திருக்கும் மைதானம் இருந்தால் ஆள் வருவார்கள், எந்த வயசானாலும்.

இப்போது வரிசையில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். 2024 மும்பை 125 போட்டியில் சகஜா யமலப்பள்ளி முதல் தரநிலை ஆட்டக்காரர் கைலா டேயை முதல் சுற்றிலேயே ஜெயித்தார். 2025 பிப்ரவரியில் அதே மும்பையில், 15 வயசு மாயா ராஜேஸ்வரன் ரேவதி தகுதிச்சுற்றிலிருந்து அரையிறுதி வரை வந்து, சாம்பியன் ஆன ஜில் டீக்மனிடம் தோற்றார். மாயாவும் கோயம்புத்தூர்தான், நிருபமாவின் ஊர். மும்பையில் 2024, 2025 என்று அடுத்தடுத்து போட்டி நடந்தபோது இரண்டு வருஷமும் ஒரு நல்ல செய்தி வந்தது என்பதைக் கவனியுங்கள். தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஹைதராபாத் 2003, 2004, 2005. இடைவெளி இல்லாமல் மூன்று வருஷம், ஒரு சாம்பியன். சென்னை 2022, அப்புறம் 2025. நடுவில் இரண்டு வருஷம் காலி. 2022-இல் முதல் சுற்றில் தோற்ற ஒரு 16 வயசுப் பெண்ணுக்கு, 2023-இல் திரும்பி வந்து பார்க்க போட்டியே இல்லை.

ஆகவே, அடுத்த முறை நுங்கம்பாக்கத்தில் பெண்கள் போட்டி நடந்து, "இந்திய வீராங்கனை முதல் சுற்றில் தோல்வி" என்று செய்தி வந்தால், "இதுக்குத்தானா இவ்வளவு செலவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். அடுத்த வருஷமும் போட்டி உண்டா என்று கேளுங்கள்.